கரண்ட் போனால் தாய்ப்பாலுக்கு யார் பொறுப்பு?

2013 டிசம்பர் கடைசியில் டொரண்டோவில் இருந்தவர்கள் அந்தப் பத்து நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 21, 22 தேதிகளில் உறைமழை கொட்டியது. மரக்கிளைகளில் பனிக்கட்டி ஏறி, பாரம் தாங்காமல் முறிந்து, மின்கம்பிகள் மேலேயே விழுந்தன. டொரண்டோ ஹைட்ரோவின் சுமார் 3 லட்சம் இணைப்புகளில் கரண்ட் போனது. ஒரு இணைப்புக்கு ஒரு குடும்பம் என்று கணக்குப் போட்டாலே எத்தனை லட்சம் பேர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டு நெருங்கும்வரை இருட்டிலேயே கிடந்த வீடுகளும் உண்டு.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த சாப்பாடெல்லாம் கெட்டுப்போனவர்களுக்கு ஒன்ராறியோ மாகாண அரசும் பெரிய மளிகைக் கடைகளும் சேர்ந்து பரிசு அட்டை கொடுத்தார்கள். தனி ஆளுக்கு 50 டாலர், பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு 100 டாலர். டிசம்பர் 31-ஆம் தேதி அதை வாங்க ஜனங்கள் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். அட்டை தீர்ந்துபோய் வெறுங்கையோடு திரும்பியவர்களும் நிறையப் பேர்.

குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கெட்டுப்போன கோழிக்கும் மீனுக்கும் ஈடு தரணும் என்று ஒரு அரசுக்குத் தோன்றியதே நல்ல விஷயம்தான். ஆனால் அதே ஃப்ரீஸரில் கோழிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பைகளில் இன்னொன்றும் இருந்திருக்கும். தாய்ப்பால். அதற்கு எந்தக் கடையில் அட்டையை நீட்டுவது? நூறு டாலருக்குக் கோழி வாங்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தில் பம்ப் வைத்து, மூன்று அவுன்ஸ், நான்கு அவுன்ஸ் என்று சேர்த்ததை எங்கே போய் வாங்குவது?

ரொம்பச் சின்ன விஷயம், இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிலருக்குத் தோன்றலாம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்குத் தோன்றாது.

ஃப்ரீஸரில் பால் வைப்பது யார்?

'கனடாவில்தான் ஒரு வருஷம் பிரசவ லீவு உண்டே, அப்புறம் எதற்குப் பாலை எடுத்து ஃப்ரீஸரில் வைக்கணும்?' என்று ஊரிலிருந்து கேட்பார்கள். இங்கே இருக்கிற நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். ஒரு வருஷம் என்பது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. வேலைவாய்ப்புக் காப்பீட்டில் பிரசவப் படி 15 வாரம். அதற்கு மேல் பெற்றோர் படி. சாதாரணத் திட்டத்தில் சம்பளத்தில் 55 சதவீதம், அதுவும் ஒரு உச்சவரம்புக்குள். அதை வாங்க முந்தைய ஒரு வருஷத்தில் 600 மணி நேரம் காப்பீட்டுக்குரிய வேலை செய்திருக்கணும். சொந்தத் தொழில் செய்பவர் என்றால், ஒரு வருஷத்துக்கு முன்பே தானாக முன்வந்து திட்டத்தில் பதிவு செய்திருக்கணும்.

நான் ஐ.டி.யில் இருக்கிறேன். திருச்சியில் பி.இ. படித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்து, 2017-இல் இங்கே வந்தேன். எங்கள் துறையில் பாதிப் பேர் காண்ட்ராக்ட். தானே ஒரு கம்பெனி பதிவு செய்து, அந்தக் கம்பெனி பெயரில் பில் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள். இவர்களில் பலருக்குப் பிரசவப் படி என்று ஒன்றுமே இல்லை. எனக்கும் அப்படித்தான். குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது நான் லாப்டாப் முன்னால் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஐ.டி.யையாவது விடுங்கள். ஏஜென்சி மூலம் பேக்கிங் கம்பெனிக்கும் குடோனுக்கும் போகிற பெண்கள், புதிதாக வந்து இன்னும் 600 மணி நேரம் சேராதவர்கள், 55 சதவீதத்தில் வாடகை கட்ட முடியாதவர்கள், இவர்கள் எல்லாரும் சீக்கிரமே வேலைக்குத் திரும்புகிறார்கள். பிள்ளையை அம்மாவிடமோ மாமியாரிடமோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வீட்டு ஃப்ரீஸரில்தான் பால் இருக்கும்.

ஆக, லீவு கிடைக்காதவள் தன் உடம்பிலிருந்தே சேர்த்துவைத்த லீவு அது. கரண்ட் போனால் முதலில் அடிபடுவதும் அவள்தான்.

டொரண்டோவில் கரண்ட் போகுமா?

நான் படித்த காலத்தில் தமிழ்நாட்டில் மின்வெட்டு என்பது டைம்டேபிள் மாதிரி. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அதனால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அந்த அனுபவத்தோடு இங்கே வந்தால், கரண்ட் போகாது என்கிற நம்பிக்கை ஆறே மாதத்தில் நம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது.

போகும். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு ஒரே நேரத்தில் கரண்ட் போனது. ஓஹையோவில் மின்கம்பிகள் மரங்களில் உரசியதில் ஆரம்பித்தது. அங்கே கட்டுப்பாட்டு அறையில் இருந்த எச்சரிக்கை மென்பொருள் ஒரு பிழையால் செயலிழந்துபோய், ஆபரேட்டர்களுக்கு விஷயமே தெரியவில்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் எனக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

2013-இல் உறைமழைக்கு முன்பே, ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பெய்து, அன்றைக்கும் சுமார் 3 லட்சம் இணைப்புகள் போயின. 2024 ஜூலை 16 அன்று அங்கே ஏறத்தாழ 98 மில்லிமீட்டர். 1,67,000 இணைப்புகள் இருண்டன. டான் வேலி பார்க்வேயில் கார்கள் மிதந்த வீடியோவை ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் நமக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களே, அந்த நாள்.

இதெல்லாம் ஊருக்கே கரண்ட் போனது. ஒரு பில்டிங்குக்கு மட்டும் போவது இன்னும் அடிக்கடி நடக்கும், செய்தியில் வராது. செய்தியில் வந்த ஒன்று, 2018 ஆகஸ்ட் 21 அன்று செயின்ட் ஜேம்ஸ் டவுனில் 650 பார்லிமென்ட் வீதியில் நடந்தது. மின் அமைப்பில் பிடித்த தீயால் சுமார் 1,500 பேர் வெளியேறினார்கள். வீடு திரும்ப அவர்கள் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில், கடுங்குளிரில், அதே பகுதியில் வெல்லஸ்லி வீதிக் கட்டிடம் ஒன்றிலும் குழாய் வெடித்து மின் அறைக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்கள் கரண்டும் ஹீட்டிங்கும் இல்லாமல் தவித்தார்கள். ஈழத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலில் பெட்டியை இறக்கிவைத்த இடம் அந்த வெல்லஸ்லி – பார்லிமென்ட் சந்திதான் என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பில்டிங்கில் போன குளிர்காலத்தில் கீழே மின் அறையில் ஏதோ கோளாறு. பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லை. லாபியில் ஒரு தாள் ஒட்டினார்கள், இங்கிலீஷில், இரண்டே வரி. எங்கள் தளத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண், ஏஜென்சி வேலைக்குப் போகிறவள், மறுநாள் என்னிடம் சொன்னாள்: 'கட்டியாத்தான் அக்கா கிடந்தது, ஓரத்தில மட்டும் உருகியிருந்தது. பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயத்தில எல்லாத்தையும் சிங்குக்க ஊத்திப்போட்டன்.' நாற்பது பைக்கு மேல். ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு.

அதில் ஒரு பையைக்கூட அவள் கொட்டியிருக்க வேண்டாம். அதைச் சொல்ல அவளுக்கு அன்றைக்கு யாரும் இல்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

எது கெடும், எது கெடாது?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிற அளவுகள் இவை. கனடாவில் மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரத் துறைகளும் கொடுக்கிற தாள்களும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். ஒரு நாள் முன்பின் இருந்தால், உங்கள் நர்ஸ் சொன்ன குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, உடம்பு சரியில்லாத குழந்தை என்றால் விதி இதைவிடக் கண்டிப்பானது. அவர்களுக்கு மருத்துவமனை சொல்வதுதான் விதி.

அப்போதுதான் எடுத்த பால், 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் 4 மணி நேரம் வரை தாங்கும். ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை. ஃப்ரீஸரில் 6 மாதம் வரை நல்லது, 12 மாதம் வரை பரவாயில்லை. உறைந்து, பிறகு முழுசாக உருகிய பால் வெளியில் 2 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். குழந்தை வாய் வைத்துக் குடித்த மிச்சம், குடித்து முடித்த 2 மணி நேரத்துக்குள் தீரணும். இல்லையென்றால் கொட்டிவிடணும்.

மாட்டுப் பாலோடு இதை ஒப்பிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. தாய்ப்பாலில் கிருமியை எதிர்க்கிற பொருட்கள் இருக்கின்றன. லாக்டோஃபெரின், லைசோசைம், நோய் எதிர்ப்புப் புரதங்கள், உயிருள்ள வெள்ளை அணுக்கள் எல்லாம் அதில் உண்டு. எடுத்த சில மணி நேரத்துக்கு அதுவே தன்னைக் காத்துக்கொள்ளும். அதற்காக நாள் முழுக்க வெளியே வைக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

இப்போது கரண்ட் போய்விட்டது. என்ன செய்வது?

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஃப்ரிட்ஜையும் ஃப்ரீஸரையும் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். நிறைந்த ஃப்ரீஸர் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்த ஃப்ரீஸர் சுமார் 24 மணி நேரம். 'பால் உருகிடுச்சான்னு பார்ப்போம்' என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிற மாமியாரையும் மாமனாரையும் அன்போடு தடுங்கள். கரண்ட் போன நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்துதான்.

இரண்டாவது, 4 மணி நேரம் நெருங்கியும் கரண்ட் வரவில்லை என்றால், ஃப்ரிட்ஜில் இருக்கிற பாலை ஐஸ் பேக்கோடு கூலர் பெட்டிக்கு மாற்றுங்கள். நன்றாக உறைந்த ஐஸ் பேக்குகள் பாலை ஒட்டி இருந்தால் அதில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். இருக்கிற பாலில் முதலில் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது இந்த ஃப்ரிட்ஜ் பாலைத்தான். ஃப்ரீஸர் பாலைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, கரண்ட் வந்த பிறகு ஒவ்வொரு பையையும் எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே பனித்துகள் தட்டுப்பட்டால், அது ஓரத்தில் உருகியிருந்தாலும் திரும்ப உறைய வைக்கலாம். சிடிசி இதைத் தெளிவாகவே சொல்கிறது. முழுக்க உருகிவிட்டது, ஆனால் தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கிறது என்றால், திரும்ப உறைய வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த ஒரு நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும். உருகி, சூடேறி, எத்தனை நேரமாக அப்படி இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள். பிள்ளையின் வயிற்றில் சோதனை செய்யக் கூடாது.

பால் மேலே ஆடை மாதிரிப் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளம் இல்லை. கொழுப்பு மேலே வருகிறது, அவ்வளவுதான். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்து உருகிய பாலில் சிலருக்குச் சோப்பு வாசனை வரும். லைப்பேஸ் என்கிற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது, அதுவும் கெட்டது இல்லை. புளித்த வாடை வந்தால் மட்டும் வேண்டாம். எதுவானாலும் மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள். ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லென்று இருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

வெளியே மைனஸ் பத்து, பால்கனியில் வைக்கலாமா?

குளிர்கால மின்தடையில் எல்லார் மனசிலும் வருகிற யோசனை இது. ஊரே ஃப்ரீஸராக இருக்கும்போது ஃப்ரீஸர் எதற்கு? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறைகள் வேண்டாம் என்கின்றன. காற்று மைனஸில் இருந்தாலும் வெயில் நேரடியாகப் பட்ட பை உருகும், சாயங்காலம் திரும்ப உறையும். அது எத்தனை தடவை நடந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. போதாததற்கு டொரண்டோவின் ரக்கூன்களும் அணில்களும் இருக்கின்றன.

அந்தக் குளிரை வேறு மாதிரிப் பயன்படுத்தலாம். பாத்திரத்திலும் பாட்டிலிலும் தண்ணீர் ஊற்றிப் பால்கனியில் வையுங்கள். பாட்டிலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றுங்கள், உறைந்தால் விரியும். அது கட்டியானதும் உள்ளே கொண்டுவந்து ஃப்ரீஸரிலும் கூலரிலும் அடுக்குங்கள். பால் உள்ளேயே இருக்கட்டும், பனி உள்ளே வரட்டும்.

இன்னொன்று. குளிருக்காக வீட்டுக்குள் கரி அடுப்பு, பார்பிக்யூ, ஜெனரேட்டர் எதையும் ஏற்றவே ஏற்றாதீர்கள். 2013 உறைமழையின்போது ஒன்ராறியோவில் கார்பன் மோனாக்சைடால் உயிர் போனது. வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. பாலைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையை இழக்கக் கூடாது.

கரண்ட் இருக்கும்போதே செய்ய வேண்டியது

எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு. பேக்கப் இருக்கிறது என்று நம்புவது வேறு, சர்வர் விழுந்த அன்றைக்கு அது எழுந்து வருமா என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது வேறு. வீட்டு ஃப்ரீஸருக்கும் அதே பாடம்தான்.

பால் பைகளைக் கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே, பின்பக்கம், ஒரே டப்பாவில் நெருக்கி வையுங்கள். ஒன்றுக்கொன்று குளிர்ச்சி கொடுக்கும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்கள். 24 மணி நேரத்தை 48 ஆக்குவதற்கு இதைவிடச் சல்லிசான வழி இல்லை. ஒவ்வொரு பையிலும் தேதி எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள். ஃப்ரீஸருக்குள் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் இருக்கட்டும், மைனஸ் 18 காட்டணும்.

ஒரு கப்பில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு குவார்ட்டர் காசை வையுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போய் வந்திருந்தால், காசு கீழே இறங்கியிருக்கும். காசு அடியிலேயே கிடந்தால் எல்லாம் முழுக்க உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பால் வேண்டாம்.

மின்சார பம்ப் மட்டும் வைத்திருப்பவர்கள் கையால் இயக்குகிற பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள். பம்ப் இல்லாமல் கையாலேயே பால் எடுக்கிற முறையை உங்கள் நர்ஸிடம் ஒரு தடவை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நேரடியாகக் கொடுக்க முடிகிற தாய்க்கு அந்த நேரத்தில் எந்தக் கருவியும் தேவையில்லை. வீட்டில் இருக்கிற மற்றவர்கள் அவளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கம்பளியும் கொடுத்தால் போதும்.

ஃபார்முலா கொடுப்பவர்களும் யோசிக்க வேண்டும். பவுடர் கலக்கக் கொதிக்கவைத்த தண்ணீர் வேண்டும். உயரமான கட்டிடங்களில் மேல் தளங்களுக்குத் தண்ணீரை ஏற்றுவதே மின்மோட்டார்தான். கரண்ட் இல்லையென்றால் குழாயும் வராது, அடுப்பும் எரியாது. அதனால் தண்ணீர் கலக்கத் தேவையில்லாத, அப்படியே கொடுக்கக்கூடிய ஃபார்முலாவை மூன்று நாளைக்குக் கையிருப்பில் வையுங்கள். தாய்ப்பால்தான் உசத்தி, ஃபார்முலா மட்டம் என்று பேசுகிற கட்டுரை இது இல்லை. பிள்ளை பசியோடு அழக் கூடாது, அதுதான் கணக்கு.

பால் போய்விட்டதே என்று ஆன்லைனில் முன்பின் தெரியாதவரிடம் தாய்ப்பால் வாங்காதீர்கள். ஹெல்த் கனடா இதை எச்சரித்திருக்கிறது. மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் 2013-இல் ஆரம்பித்த ரோஜர்ஸ் ஹிக்ஸன் தாய்ப்பால் வங்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே பாஸ்டரைஸ் செய்யப்படுகிற பால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற குறைமாதக் குழந்தைகளுக்கானது. வீட்டு ஃப்ரீஸர் உருகியவர்களுக்கு அங்கிருந்து வராது. சந்தேகம் என்றால் 811-ஐ அழைத்தால் நர்ஸிடம் பேசலாம். சூடான இடம், தங்குமிடம் போன்ற உதவிகளுக்கு 211, பல மொழிகளில் பேசுவார்கள்.

பாட்டிக்குத் தெரிந்ததும் நமக்குத் தெரிந்ததும்

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வருஷக்கணக்கில் கரண்டே இல்லாமல் பிள்ளை வளர்த்தவர்கள் இன்றைக்கு ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பாட்டிகளாக இருக்கிறார்கள். மின்வெட்டோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் பாலை எடுத்துச் சேமித்துவைப்பது அவர்கள் பார்க்காத விஷயம். 'ஐஸ்ல வைச்ச பாலைக் குடுத்தா சளி பிடிக்கும்' என்பார்கள். எங்கள் அம்மாவுக்கும் அதே கவலைதான். நமக்கோ பாலைச் சேமிக்கத் தெரியும், கரண்ட் இல்லாமல் இருக்கத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை.

பகலில் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பாட்டிகள்தான். கரண்ட் போகிற நேரத்தில் வீட்டில் இருக்கப்போவதும் அவர்கள்தான். அதனால் இந்த விதிகள் தமிழில், பெரிய எழுத்தில், ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கணும். மருமகள் ஃபோனில் ஆங்கிலத்தில் இருந்து பிரயோஜனம் இல்லை.

கட்டிடமும் நகரமும் செய்ய வேண்டியது

இதுவரை சொன்னதெல்லாம் தனித்தனி வீட்டு வேலை. அதோடு நிறுத்திக்கொண்டால், கரண்ட் போனதற்கும் தாயே பொறுப்பு என்று ஆகிவிடும்.

உயரமான அடுக்குமாடிகளில் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் கட்டிட விதிகள் அதைக் கேட்பது தீ விபத்துக்காக: எச்சரிக்கை மணி, படிக்கட்டு விளக்கு, தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட். அதற்கான நேரக் கணக்கும் பொதுவாக இரண்டு மணி நேரம்தான். ஆட்களை வெளியேற்ற அது போதும். உள்ளேயே இருந்து சமாளிக்க வேண்டியவர்களுக்குப் போதாது.

2013-இல் பட்ட அடிக்குப் பிறகு, 2016-இல் டொரண்டோ நகராட்சி அடுக்குமாடிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 72 மணி நேரத்துக்குக் காப்பு மின்சாரம், லிஃப்ட், தண்ணீர், எல்லாரும் வந்து உட்காரச் சூடும் வெளிச்சமும் பிளக்பாயின்ட்டும் இருக்கிற ஒரு பொது அறை, எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல ஆவணம். ஒரே ஒரு குறை, அது கட்டாயம் இல்லை. விரும்பினால் செய்யலாம். வாடகைக் கட்டிட முதலாளி எப்போது விரும்புவார் என்பது வாடகைக்கு இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

பழைய கட்டிடம் முழுவதற்கும் 72 மணி நேர மின்சாரம் கொடுக்கப் பெரிய செலவாகும், அது கடைசியில் வாடகையில்தான் ஏறும் என்று சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் முழுவதையும் கேட்க வேண்டாம். ஒரு அறையைக் கேட்போம். கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை, அதற்கு மட்டும் காப்பு மின்சாரம், அதில் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு ஃப்ரீஸரும். தாய்ப்பாலுக்கு மட்டும் இல்லை, இன்சுலின் வைத்திருக்கிற சர்க்கரை நோயாளிக்கும் அதே ஃப்ரிட்ஜ்தான் உயிர். நம் சமூகத்தில் எத்தனை வீட்டில் இன்சுலின் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு அறையையாவது நகரம் கட்டாயமாக்க வேண்டும்.

கூடவே இரண்டு விஷயம். முன்கூட்டியே தெரிந்த பராமரிப்பு மின்தடைக்கு, லாபியில் இரண்டு வரி ஒட்டாமல், கட்டிடத்தில் பேசப்படுகிற மொழிகளில், எத்தனை மணி நேரம் என்று போட்டு, மூன்று நாள் முன்பே சொல்லணும். நகரம் திறக்கிற வெதுவெதுப்பு மையங்களில் பெயர் எழுதி வைக்கக்கூடிய ஒரு ஃப்ரிட்ஜும், தாய் உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மறைவான மூலையும் இருக்கணும். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. நாம் சலுகை கேட்கவில்லை.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. டொரண்டோவில் நமக்கு ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் தமிழ் வானொலிகளுக்கும் பஞ்சமில்லை. ஒரே நகரத்தில் ஒரு பக்கம் இருட்டு, இரண்டு தெரு தள்ளி வெளிச்சம் என்பதுதான் இங்கே மின்தடையின் வழக்கம். 2024 ஜூலையிலும் அப்படித்தான். கரண்ட் இருக்கிற வீட்டு ஃப்ரீஸரில் ஒரு தட்டு இடம் தரத் தயாராக இருக்கிறவர்களின் பட்டியலை ஒவ்வொரு சங்கமும் இப்போதே எடுத்துவைத்தால், அன்றைக்கு ஒரு ஃபோன் போதும். ஸ்கார்பரோவில் ஸ்டெயின்ஸ் ரோட்டில் திட்டமிட்டிருக்கிற தமிழ்ச் சமூக மையத்துக்காகப் பாடுபடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மேடையையும் மண்டபத்தையும் யோசிக்கும்போது, கரண்ட் போனாலும் ஓடுகிற ஒரு ஃப்ரிட்ஜ் அறையையும் வரைபடத்தில் போடுங்கள்.

அடுத்த உறைமழை எந்த டிசம்பரில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வரும். அன்றைக்கு நாற்பது பை பாலை ஒரு பெண் பயத்தில் சிங்கில் கொட்டக் கூடாது. அதற்கு வேண்டியது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தமிழ்த் தாள், கட்டிடத்தில் ஒரு அறை, பக்கத்துத் தெருவில் ஒரு ஃபோன் நம்பர். தாளை இன்றைக்கு ராத்திரியே எழுதி ஒட்டிவிடலாம். மற்ற இரண்டையும் உங்கள் கவுன்சிலரிடமும் உங்கள் சங்கத் தலைவரிடமும் கேளுங்கள். தேர்தல் வந்தால் நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்தானே அவர்கள், நாமும் ஒரு தடவை தட்டலாம்.